அந்தரத்தில் இறுக்கிய நட்டு

அந்த வீட்டு விஷயத்தில் நான் வாயை வைத்திருக்கவே கூடாது. நாலு பேரைச் சிரிக்க வைப்பதற்காக ஒரு தடவை திறந்தேன். பேசியே ஆகவேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன். இரண்டையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தையல் மிஷினில் கால் ஓடாது.

நான் வண்டிகளுக்குச் சீட்டு தைப்பவள். தெருவில் எல்லோருக்கும் சீட்டக்கா. மெக்கானிக்கின் தகரக் கொட்டகையை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அவர் ஸ்பேனரைக் கீழே போட்டால் என் மேஜையில் கத்தரிக்கோல் அதிரும். என் பஞ்சு பறந்துபோய் அவர் டீயில் விழும். "இன்னைக்கு டீக்கு மெத்தை போட்டுட்டீங்களா சீட்டக்கா" என்பார். ஒன்பது வருஷமாக இப்படித்தான் போகிறது.

கொட்டகைக்குப் பின்னால் அவர்கள் வீடு. மூன்றே பேர். மெக்கானிக், அவர் மனைவி, மனைவியின் தம்பி. அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் திரும்ப ஆறு ஆகும். தம்பிக்கும் அவளுக்கும் பதினாலு வயது வித்தியாசம். தாயில்லாத பிள்ளையை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். "கல்யாணத்தன்னைக்கு ஒரு பெட்டியும் ஒரு தம்பியும் கொண்டுவந்தா, பெட்டி எப்பவோ ஒடஞ்சு போச்சு" என்று மெக்கானிக் கேலி பேசுவார். வாய்தான் அப்படி. மாப்ள, மாப்ள என்று அவன் மேல் உயிராக இருந்தார்.

தம்பிக்குத் தெருவில் 'முட்டை' என்று பெயர். ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு, முட்டைக் கிடங்கிலிருந்து பேக்கரிகளுக்கும் கடைகளுக்கும் தட்டுத் தட்டாக முட்டை கொண்டுபோய்ப் போடுவான். முப்பது வயது ஆள், அதிர்ந்து பேசத் தெரியாது. பாரம் அப்படிப்பட்டது என்பதால் ஆளும் அப்படி ஆகிவிட்டான் என்று நாங்கள் சிரிப்போம்.

மெக்கானிக்கின் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவரிடம் வண்டியை விட்டால் அதே கோளாறோடு திரும்பி வராது என்பது ஊர்ப்பேச்சு. அவருக்கென்று ஒரு வாசகம் உண்டு. "வண்டி காலூணட்டும், அப்புறம் இறுக்கலாம்." பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை வண்டியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர். குழாய்க்குள் போல்ட் போகும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அந்த போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கிவிட்டால், இறக்கினதும் பட்டை திரும்பும், குழாய் திரும்பாது, நடுவில் கிடக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் கொஞ்சம் முறுக்கி, சீக்கிரமே கிழிந்துபோகும். சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் இறுக்கவேண்டும்.

எனக்கு இதை அவர் சொன்னபோது, "ஆள் உக்காராம விறைப்பா இழுத்துத் தைச்ச சீட்டு மாதிரி. உக்காந்ததும் தையல் விட்டுரும்" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் என் உதாரணத்தையே சொல்ல ஆரம்பித்தார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

முட்டையின் வண்டிக்கும் அவர்தான் பின்பக்கப் புஷ்கள் மாற்றினார். மாற்றி மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு தட்டல் சத்தம் கேட்டது. வளைவில் திரும்பினால் வண்டியின் பின்பாதி தனியாக ஒரு அசைவு அசைந்தது. முட்டைகள் கீறல் விட்டன. முதலில் ஐந்தாறு, பிறகு பிளாஸ்டிக் வாளியில் பாதி. உடைந்ததைக் கிடங்கில் எடுக்க மாட்டார்கள், வீட்டுக்கு வரும். அவன் அக்கா தெருவெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள். ஒரு மாதம் எங்கள் தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் ஆம்லெட் வாசனைதான். நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன். தின்றுவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் வேகமா ஓட்டுடா, கேக் பண்ணணும்" என்றும் சொன்னேன்.

அப்புறம் ஒருநாள் கிடங்கு முதலாளியே முட்டையின் வண்டியில் ஏறி வந்து கொட்டகையில் இறங்கினார். கூட இரண்டு சுமை தூக்கும் ஆட்கள். நல்ல மனிதர், சத்தம் போடுகிற வழக்கமில்லை.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக்கிடம். "பேக்கரிக்காரங்க திருப்பி அனுப்பறாங்க. வண்டியா, ரோடா, ஆளா? எனக்கு அது தெரியணும்."

எதிர் டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். நானும் கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து நின்றேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பியைக் கொடுத்து நெம்பினார். வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"பின்னாடி புஷ் எல்லாம் போச்சு."

"பழசா?"

"பழசா? போட்டு அஞ்சு மாசம்கூட ஆகல. என் கையால போட்டது. நான் போட்டா அஞ்சு வருஷம் நிக்கும்." துணியால் விரல் விரலாகத் துடைத்தார். "முட்டைக்கு இப்படிப் போகாது. வேற ஏதோ ஏத்தி அடிச்சிருக்கான்."

"இல்ல மாமா" என்றான் முட்டை.

"என்ன இல்ல? செங்கல்லா, மணலா? சொல்லு. இவருகிட்ட வேலையை முடிச்சிட்டு மத்தியானத்துல வெளி லோடு அடிச்சிருக்க."

"முட்டையைத் தவிர எதுவும் ஏத்தல மாமா."

"மாப்ள, மனுஷன் பொய் சொல்லுவான், ரப்பர் சொல்லாது. அடியில படுத்துப் பாரு, தெரியும்."

அவன் படுத்துப் பார்க்கவில்லை. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் எனக்கு நாக்கு அரித்தது. "முட்டைக்குள்ள செங்கல் வச்சு அனுப்பறாங்களோ என்னவோ!" என்றேன்.

சரியான சிரிப்பு. முதலாளிகூடச் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் அவனுக்கு இருந்த பெயரும் மாறிவிட்டது. முட்டை போய்ச் 'செங்கல்' ஆனான். டீக்கடையில், சந்தையில், எங்கே போனாலும் செங்கல். நான் வைத்த பெயர்.

வண்டி கொட்டகைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவன் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கப் போனான். வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. மெக்கானிக் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவன் தட்டை எடுப்பான். அவன் அக்கா இரண்டு பேருக்கும் பரிமாறுவாள், இரண்டு பேரிடமும் பேசமாட்டாள். தம்பியைப் பழி சொன்னதற்காகப் புருஷனிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்தார். "தம்பின்னா கண்ணை மூடிக்குவா. நான் என்ன இல்லாததையா சொன்னேன்?" என்று என்னிடம் பொருமுவார். நானும் தலையாட்டுவேன்.

இரண்டு மாதம் கழித்து, வண்டியை விற்கப்போகிறேன் என்று அவன் என்னிடம் சொன்னான். ஒரு மரச்சாமான் கடைக்காரர் மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதை அப்படியே அனுப்ப மெக்கானிக்குக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"என் வாசல்லருந்து போற வண்டி வாலாட்டிக்கிட்டுப் போகக் கூடாது சீட்டக்கா. இன்னைக்குப் புஷ்ஷை மாத்திடுறேன். ஒரு கை பிடிங்க."

கையில் வேறு வேலை இல்லை. போனேன். காற்றே இல்லாத மத்தியானம். மேகம் மூடிக்கொண்டு மழையும் வராமல், கொட்டகைத் தகரம் எங்களை வேகவைத்தது. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டுகளை நிறுத்தினார். அச்சுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி. காலையிலேயே எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தும் போல்ட்டுகள் அசையவில்லை. நான் இந்தப் பக்கம் போல்ட் தலையை ஸ்பேனரில் பிடித்துக்கொள்ள, அவர் அந்தப் பக்கம் ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கினார்.

"விட்டுறாதீங்க."

"விடல. நீங்க தொங்கற தொங்கல்ல வண்டிதான் எங்கூட வந்துரும்போல."

'டக்' என்று ஒரு சத்தம். துரு உதிர்ந்தது. போல்ட்டைத் தட்டி எடுத்ததும் பட்டையின் முனை ஒரு விரல்கடை கீழே இறங்கியது. ரப்பரைத் துளைபோட்டுக் கிழித்து எடுக்கவேண்டியிருக்கும் என்று டிரில்லை எடுத்து வைத்திருந்தார். தேவைப்படவில்லை. கட்டைவிரலால் தள்ளியதுமே குழாய் தனியாகக் கழன்று கையில் வந்தது. மிச்ச ரப்பரைக் கம்பியால் கெல்லி எடுத்தார்.

எடுத்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவசரமாக அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கேயும் அதே மாதிரி கழன்று வந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். ஒன்பது வருஷம் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாமல் போகுமா? பாரம் ஏற்றிப் போன புஷ் ஒரு பக்கம் நசுங்கி, ஓட்டை கோணலாக இருக்கும். அவரே எனக்குக் காட்டியிருக்கிறார். இது எந்தப் பக்கமும் நசுங்கவில்லை. ரப்பரின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தது. குழாயை ஒட்டி, வட்டமாக, துணியைப் பிழிந்ததுபோல முறுக்கிக் கிழிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே திசையில் முறுக்கு.

"சீட்டக்கா" என்றார் தலையைத் தூக்காமல். "இதுக்குப் புஷ் போட்டோமே, அன்னைக்குத்தான அந்த டாக்டர் வண்டி வந்துச்சு?"

அன்றைக்குத்தான். டாக்டர் வண்டிக்கு நான் புதுச் சீட்டு தைத்து வைத்திருந்தேன். அதே வண்டியில் மெக்கானிக்குக்குப் பிரேக் வேலை. டாக்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டாண்டுகள் இரண்டும் முட்டையின் வண்டிக்கு அடியில் இருந்தன. "முதல்ல டாக்டரை அனுப்புங்க, எனக்கு அவர் இன்னும் ரெண்டு வண்டி வேலை தரேன்னிருக்காரு" என்று அவசரப்படுத்தியது நான். மெக்கானிக் அடியில் படுத்தபடியே, வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே, நட்டுகளை விறுவிறுவென்று இறுக்கினார். "இப்போதைக்கு இறுக்கி வைக்கிறேன். நாளைக்குக் காலூண வச்சு லூஸ் பண்ணித் திருப்பி இறுக்கிக்கலாம். வீட்டு வண்டிதானே, எங்க போகப்போகுது" என்றார். அதையும் என் காதால் கேட்டேன். மறுநாள் விடிவதற்குள் அவன் முட்டை ஏற்றப் போய்விட்டான். அதற்கப்புறம் அந்த நினைப்பே யாருக்கும் வரவில்லை. வெளியாள் வண்டியாக இருந்தால் அவர் இப்படிச் செய்திருக்க மாட்டார். வீட்டு வண்டி என்பதால்தான்.

"அன்னைக்குத்தான்" என்றேன்.

"எவன் வண்டியையாவது இப்படிப் பண்ணியிருக்கேனா நான்?"

"இல்ல."

"கூட்டத்துல நிக்க வச்சுக் கேட்டேனே. செங்கல்லா மணலான்னு. அடியில படுத்துப் பாருன்னேன். நான் ஒழுங்காப் பாக்கல சீட்டக்கா. கம்பியை விட்டு நெம்பினேன், ஆடுச்சு, வெளிய வந்துட்டேன். வெளிய எடுத்துப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

இரண்டு புஷ்களையும் கழிவுத் துணியில் சுருட்டினார். பழைய நட்டு போல்ட்டுகள் கிடக்கும் டப்பாவின் அடியில் திணித்தார்.

"இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். "இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? அவனுக்கும் வேற வேலை கிடைச்சிருச்சு. வண்டியும் நாளைக்குப் போகுது. நான் காலூண வைக்காம இறுக்கினேன்னு தெரிஞ்சா, எவன் என்கிட்ட வண்டி விடுவான்? நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லியிருக்கலாம். என் பங்கும் இதில் இருக்கிறது என்பதால் எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. "ஆமா" என்றேன். அந்த ஒரு 'ஆமா'வை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புதுப் புஷ்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினார். நீளமான போல்ட், இரண்டு பக்கமும் வாஷர், ஒரு பைப்புத் துண்டு. நட்டைத் திருகத் திருகப் புஷ் பட்டையின் கண்ணுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எல்லாவற்றையும் கையால் மட்டும் முடுக்கி வைத்துவிட்டு, ஸ்டாண்டுகளை எடுத்து, வண்டியை இறக்கினார். பின்னால் ஏறி நின்று நாலு குலுக்குக் குலுக்கினார். பிறகு தரையில் படுத்து, நிற்கிற வண்டிக்கு அடியில் உடம்பைக் குறுக்கிப் போய், ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். டாக்டர் வண்டிக்காக அன்றைக்கு வேகம் பிடித்த அந்தக் கை இன்றைக்கு அத்தனை நிதானமாகப் போனது. அப்போது மழை பிடித்துக்கொண்டது.

மழையோடு அவன் வந்தான். தலையில் சாக்கு, கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். சாக்கை உதறிவிட்டு வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தான்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்?"

இரண்டு மாதத்தில் அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. அவர் அடியிலிருந்து வெளியே வந்து சுவரோரமாக நின்றார்.

"சும்மாதான்" என்றார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். சீட்டக்காவும் இருக்கட்டும், பரவால்ல." ரொட்டிப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "மூட்டை தூக்கும்போதெல்லாம் இதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். முட்டையைத் தவிர எதுவும் ஏத்தலன்னு அன்னைக்கு முதலாளி முன்னாடி சொன்னேன்ல, அது பொய் மாமா."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருநாள் ஒரு பெரியவர் வீடு மாத்தினாரு. தனி ஆளு. ஒரு பீரோவையும் கட்டிலையும் வச்சுக்கிட்டுத் தெருவுல நின்னாரு. பாவமா இருந்துச்சு, ரெண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் இறக்கிட்டு வந்தேன். காசுகூட வாங்கல. அன்னைக்கு அது ஞாபகத்துக்கே வரல மாமா, சத்தியமா. அப்புறம் ஒரு கல்யாணத்துக்குன்னு பேக்கரில அவசரப்படுத்தினாங்க. எட்டுத் தட்டு கூட வச்சேன். கயிறு போட்டுக் கட்டினேன். அதுலதான் போயிருக்கும். நீங்க சொன்னது சரிதான். ரெண்டு மாசமா உங்க முகத்தைப் பாத்துப் பேசாம இருந்துட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிச்சிருங்க மாமா."

பொட்டலத்தை நீட்டினான். "டீக்கு ரொட்டி வாங்கிட்டு வந்தேன்."

மெக்கானிக் அதை வாங்கவில்லை. அவர் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. விடுவிடுவென்று போய் டப்பாவைக் கவிழ்த்தார். நட்டும் போல்ட்டும் தரையெல்லாம் ஓடின. துணிச் சுருளைப் பிரித்து, இரண்டு புஷ்களையும் அவன் கையில் வைத்தார்.

"இதைப் பாரு மாப்ள. எங்கயாவது நசுங்கியிருக்கா?"

"இல்ல."

"முறுக்கியிருக்கு, பாரு. சுத்திலும் முறுக்கிக் கிழிஞ்சிருக்கு. இது எடையில போனது இல்ல. நான் வண்டியை அந்தரத்துல வச்சு இறுக்கினேன். டாக்டர் வண்டி வந்துச்சுன்னு அவசரப்பட்டு இறுக்கினேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன், மறந்துட்டேன். நான் பண்ணினது. நீ எதுவும் பண்ணல."

"அவசரப்படுத்தினது நான்தான்டா" என்றேன் நானும்.

அவன் புஷ்ஷைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"அப்ப பீரோவால இல்லையா மாமா?"

"இல்லடா."

"எட்டுத் தட்டு?"

"எண்பது தட்டு வச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுடா."

அவன் கோபப்படுவான், புஷ்ஷை விட்டெறிவான் என்று நான் நினைத்தேன். எறிந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் முகத்திலிருந்து ஏதோ விட்டு விலகியதுபோல இருந்தது. "அப்பாடா" என்றான். நிஜமாகவே அப்படித்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மெக்கானிக் தகரத்தின் பக்கம் திரும்பி நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "வண்டியை எடு" என்றார். "கிடங்குல மூடறதுக்குள்ள போகணும்."

"வேண்டாம் மாமா. போன்ல சொல்லிக்கலாம். எதுக்கு அங்க வந்து நீங்க..."

"கூட்டத்துல சொன்னதைப் போன்ல எப்படித் திருப்பி எடுக்கறது? எடு."

நானும் ஏறிக்கொண்டேன், யாரும் கூப்பிடவில்லை. போகும் வழியெல்லாம் வண்டி பின்னால் ஒரு சத்தம் போடவில்லை.

கிடங்கில் சாயங்கால வண்டிகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு ஆள், "என்ன செங்கல், இந்தப் பக்கம்?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மெக்கானிக் மேஜைப் பக்கம் போகவில்லை. தட்டுகளுக்கு நடுவில், எல்லோருக்கும் கேட்கிற இடமாகப் பார்த்து நின்றார்.

"முதலாளி, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் கொட்டகையில வச்சு, இவன் வெளி லோடு அடிச்சான்னு சொன்னேன். அது தப்பு. இவன் எதுவும் அடிக்கல. புஷ்ஷை நான் தப்பா இறுக்கிட்டேன். உங்க முட்டை ஒடஞ்சது என்னால. இவனுக்குப் பொய்யன்னு பேர் வந்ததும் என்னால."

ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். இந்தத் தடவையும் மூடிக்கொண்டு நின்றால் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "செங்கல்னு பேர் வச்சது நான். அதுவும் என் வாய்க்கொழுப்பு. இனிமே யாரும் அப்படிக் கூப்பிடாதீங்க" என்றேன். கூப்பிட்ட ஆள் தட்டுகளை நகர்த்துவதுபோலக் குனிந்துகொண்டான்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு வேற யார் சொல்லியிருந்தாலும் நான் காதுல போட்டிருக்க மாட்டேன்" என்றார். "நீங்க சொன்னீங்க. சொந்த மச்சானைப் பத்தி நீங்களே சொல்றீங்கன்னா, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

"தெரியும்" என்றார் மெக்கானிக்.

"இப்ப வேற வண்டி வச்சுட்டேன். அவனும் குடும்பஸ்தன். எந்த முகத்தோட அவனைப் போன்னு சொல்றது?" அவனைப் பார்த்தார். "பாலத்துக்கு அந்தப்பக்கம் ரெண்டு பேக்கரி இருக்கு. வாரத்துல மூணு நாள். இப்போதைக்கு அதை ஓட்டு. அப்புறம் பாக்கலாம்."

"சரிங்க" என்றான் அவன். அவ்வளவு பெரிய சந்தோஷமாக அதை வாங்கிக்கொண்டான். வாசலுக்கு வந்ததுமே மரச்சாமான் கடைக்காரருக்குப் போன் போட்டு, வண்டி விற்கவில்லை என்று சொன்னான்.

திரும்பும்போது மெக்கானிக் பின்னால் ஏறிக்கொண்டார். "முன்னாடி வாங்க மாமா, இடம் இருக்கு" என்று அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். "சத்தம் வருதான்னு பாக்கணும், நீ ஓட்டு" என்றார். தூறலில் நனைந்துகொண்டே, காலி வண்டியில், பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது அவன் அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, படியில் குடையை உதறிக்கொண்டிருந்தாள். சலவைத்தூள் அரித்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. எஞ்சின் நிற்பதற்குள் அவன் குதித்து ஓடினான்.

"அக்கா, நான் எதுவும் ஏத்தலையாம்க்கா. மாமாவே சொல்லிட்டாரு. முதலாளிகிட்டயும் வந்து சொன்னாரு. இறுக்கினதுலதான் தப்பாம். என்னால இல்லையாம்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் வண்டியிலிருந்து இறங்கித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "ஆமா. நான்தான்" என்றார். இரண்டு மாதக் கோபத்தையும் சேர்த்து இப்போது கொட்டித் தீர்க்கப்போகிறாள் என்று நான் என் கதவுப் பக்கம் ஓரடி ஒதுங்கினேன். அவள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டு அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசமா நான் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசலையேடா" என்றாள்.

"அது மாமா மேல கோவத்துலதானேக்கா?"

"இல்லடா. உன் மேல." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "இவர் சொன்னாரு, நம்பிட்டேன். பொய் சொல்ற பிள்ளையை வளத்துட்டேனேன்னு வெக்கமா இருந்துச்சு, இவர்கிட்டப் பேசக்கூட முகம் இல்ல, ஆஸ்பத்திரியில ஒருத்தர்கிட்டயும் உன் பேச்சையே எடுக்கல. உன்னைக் கூப்பிட்டு, ஏண்டா, நிஜமான்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேக்கலையேடா."

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டான்.

"விடுக்கா" என்றான். "என்னை நானே நம்பலை. நீ எப்படி நம்புவ?"